இயற்கை மருத்துவத்துக்கு மானிப்பாய் காட்டும் வழி

நீரிழிவும் குருதி அமுக்கமும் நம் வீடுகளில் பரவிவிட்ட காலம் இது. வாழ்நாள் முழுவதும் குளிசையோடு கழிக்க வேண்டுமே என்று அஞ்சும் மக்கள், உணவாலும் உண்ணாநோன்பாலும் நீராலும் வெயிலாலும் உடற்பயிற்சியாலும் நோயைத் தணிக்கலாம் என்று சொல்லும் இயற்கை மருத்துவத்தை நாடுவது இயல்பே. அந்த நாட்டத்தை நாம் பழிக்கவில்லை, மனமார வரவேற்கிறோம். ஆயின் நோயாளி யார் முன்னே போய் அமர்கிறார்? அவர் எங்கே கற்றார், எத்தனை ஆண்டு கற்றார், தவறு நேர்ந்தால் அவரைக் கேட்பவர் யார்? இவ்வினாக்களுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றை ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் அடக்கி, வைத்தியர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. இயற்கை மருத்துவம் அந்த வரைவிலக்கணத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை.

ஒரு மருத்துவமுறை மக்கள் நம்பத்தக்க தொழிலாக எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மானிப்பாயில் அது ஒருமுறை நடந்திருக்கிறது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணி தொடங்கினார். அவர் வந்த நோக்கம் சமயம் பரப்புவது. அதை அவர் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவத்தைப் பொறுத்தவரை அவர் செய்த வேலை எவரும் வணங்கத்தக்கது. நோயாளிகளைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. இவ்வூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்காகப் பயிற்றி, தேர்வு வைத்து, தேறியவரையே மருத்துவராக அனுப்பினார். அவ்வாறு உருவானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அப்படிக் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போகத் தலைப்பட்டபோது, கிராமத்து நோயாளி மறுபடியும் தனித்துவிடப்பட்டதை அவர் கண்டார். 1864 தொடக்கம் மருத்துவக் கல்வி தமிழுக்கு மாறியது. பாடநூல் இல்லையே என்று அவர் காத்திருக்கவில்லை. எழுதினார், மாணவரையும் எழுதச் செய்தார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றின் பக்கங்களைக் கூட்டினால் நான்காயிரத்தைத் தாண்டும். கிறே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் இருந்தது என்பதை இன்றைய மாணவர் எத்தனை பேர் அறிவர்? கலைச்சொல் ஆக்குவதிலும் அவருக்கு ஒரு நெறி இருந்தது. முதலில் தமிழில் தேடினார், கிடைக்காதபோது வடமொழியை நாடினார், அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தார்.

இவ்வரிசையில் ஒரு நூல் நம் பொருளுக்கு மிக அண்மையானது. எட்வேட் வாரிங் தொகுத்த இந்திய மருந்துப்பொருள் நூலைக் கிறீன் ‘இந்து பதார்த்த சாரம்’ என்ற பெயரில் தமிழாக்கினார். மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்க வந்தவர், இம்மண்ணில் விளையும் மருந்துகளையும் தம் மாணவர் முறைப்படி அறிய வேண்டும் என்று கருதினார். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நோய்க்கு, எப்போது கொடுக்கலாகாது என்ற நான்கையும் அச்சில் நிறுத்துவது ஒரு மருத்துவத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மதிப்பு என்று நாம் கருதுகிறோம். 1873இல் அவர் மானிப்பாயை விட்டுப் போனார். கிறீன் நினைவு வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முறையான கல்வியும் தேர்வுமே ஒரு மருத்துவமுறையை நிலைபெறச் செய்யும் என்பதை, இயற்கை மருத்துவம் உலகில் நடந்து வந்த பாதையும் உறுதிப்படுத்துகிறது. செருமனியில் செபஸ்தியான் நைப் என்ற பாதிரியாரின் நீர்ச் சிகிச்சையிலிருந்து கிளைத்த இம்முறையைப் பெனடிக்ட் லுஸ்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 1901இல் நியூயோர்க்கில் கல்லூரி நிறுவினார். 1910இல் வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கையின் பின் மருத்துவக் கல்விக்கு அங்கே கடுமையான அளவுகோல்கள் வந்தன. அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாத கல்லூரிகள் பல மூடப்பட்டன, இயற்கை மருத்துவமும் நலிந்தது. அது மீண்டது 1956இல் போட்லாந்து நகரில் தொடங்கிய கல்லூரியாலும், பின்னர் ஏற்பட்ட தரச்சான்று மன்றத்தாலும், பொதுத் தேர்வாலும்தான். செருமனியிலோ 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் சுகாதார அலுவலகத்தின் தேர்வில் தேறினால் போதும்; இத்தனை மணி நேரம் கற்றிருக்க வேண்டும் என்ற நியதி அச்சட்டத்தில் இல்லை. அந்தக் குறை அங்கே இன்றும் விவாதப்பொருள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பயிற்சி அளவுகோல், இயற்கை மருத்துவருக்குக் குறைந்தது 1,500 மணி நேரக் கல்வி வேண்டும் என்றும், அதில் 400 மணி நேரமேனும் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பெற்ற பயிற்சியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வார இறுதி வகுப்பொன்றில் பெற்ற சான்றிதழைச் சுவரில் மாட்டுவோர் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவில் காந்தியடிகளே இம்முறைக்குப் பெரும் துணை. 1946இல் உருளிகாஞ்சன் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய இயற்கை மருத்துவப் பணி பின்னாளில் வளர்ந்தது. சென்னை அரும்பாக்கத்தில் தமிழக அரசே யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. படிப்பு, உள்ளகப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. அவ்வளவு காலம் உடற்கூறும் நோய்க்குறியியலும் கற்றவர் நோயாளியைத் தொடுவதற்கும், தம் சொந்த அனுபவம் ஒன்றையே கையில் வைத்திருப்பவர் தொடுவதற்கும் வேறுபாடு மிகப் பெரிது.

நம்மிடம் மூலதனம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்து மரபில் வந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் நம் வைத்தியர் வீடுகளில் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தவை. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியக் கறி, முசுட்டையும் முல்லையும் சேர்த்த இலைக்கஞ்சி, வல்லாரைச் சம்பல், ஒற்றடம், எண்ணெய் முழுக்கு என்று உணவும் மருந்தும் பிரியாத வாழ்வு இங்கே இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவக் கல்வி 1984இல் தொடங்கியது. கைதடியில் ஒரு தலைமுறைக்கு மேலாகப் பட்டதாரிகள் உருவாகி வருகிறார்கள். பிரதேச சபைகள் இலவச மருந்தகங்கள் நடத்துகின்றன. இயற்கை மருத்துவம் சித்த மருத்துவத்தோடு முற்றும் ஒன்றல்ல. மருந்தே வேண்டாம் என்பது அதன் அடிப்படை, சித்தத்துக்கோ மருந்து உயிர்நாடி. எனினும் பத்தியத்திலும் நாளொழுக்கத்திலும் இரண்டும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் நின்றுதான் நாம் கட்ட வேண்டும்.

ஒன்றை மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை ஆபத்தானது. பெருமருந்து, ஈசுரமூலி என்று வழங்கும் செடியின் இனத்தில் உள்ள அரிசுடோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகைக் கலவை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தபோது உலகம் இதை உணர்ந்தது. நம் ஊரில் நடப்பது இன்னும் எளிமையானது. நீரிழிவு நோயாளி ஒருவர் காலையில் பாகற்காய்ச் சாறு குடிக்கிறார். அதைக் கிளினிக்கில் சொன்னால் ஏசுவார்கள் என்று மறைக்கிறார். வைத்தியர் குளிசையைக் கூட்டுகிறார். சாறும் குளிசையும் சேர்ந்து குருதிக் குளுக்கோசைக் கீழே இழுக்க, அவர் வியர்த்து, கை நடுங்கி விழுகிறார். சாறு கொடுத்தவரிடம் குறிப்பு இல்லை. குளிசை கொடுத்தவரின் கிளினிக் கொப்பியில் சாறு இல்லை. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் அறியாததால் வந்த கேடு இது.

மற்றொன்று தண்ணீர். நீரை மருந்தாகக் கொள்ளும் முறைக்கு வலிகாமத்தின் கிணறுகளே மருந்தகம். மழையை மட்டும் நம்பியிருக்கும் நம் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில், அளவின்றி இட்ட உரத்தாலும் நெருக்கமான மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றமே இழப்பீடு விதிக்க நேர்ந்தது. தோட்டத்தில் நஞ்சு தெளித்துவிட்டு அந்தக் கீரையைச் சாறாகக் குடிக்கச் சொல்லும் வைத்தியம் யாரைக் குணப்படுத்தும்? நிலத்தையும் நீரையும் காக்கப் பேசுவது இயற்கை மருத்துவரின் தொழிற்கடமை என்றே நாம் கொள்கிறோம்.

ஆகவே அரசாங்கம் இயற்கை மருத்துவத்தைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்த்து, கல்வியளவைக் குறித்து, பதிவேடு ஒன்றைத் திறக்க வேண்டும். பரம்பரையாகக் கற்றவர்களை வெளியே தள்ளாமல், குறித்த காலத்துக்குள் தேர்வு எழுதிச் சேர வழி விட வேண்டும். கைதடியில் கற்பிப்போர், உணவு, உண்ணாநோன்பு, நீர்ச் சிகிச்சை ஆகியவற்றில் நிறுவப்பட்டது எது, நிறுவப்படாதது எது என்று பிரித்துச் சொல்லும் பாடநூலைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பிரதேச சபை மருந்தகங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் உணவும் உறக்கமும் எடையும் குளுக்கோசும் குறித்த ஏட்டை வைத்து, போதனா வைத்தியசாலையின் கிளினிக்கோடு அதைப் பகிர வேண்டும். எந்நோயை உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வோர் இயற்கை மருத்துவர் மேசையிலும் இருக்க வேண்டும்: நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் வழங்காமை, குழந்தையின் கடுங்காய்ச்சல், ஆறாத காற்புண்.

இவை நிறைவேறக் காலம் செல்லும். அதுவரை, இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் எவர் சொன்னாலும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. சாறோ கசாயமோ நோன்போ எதைத் தொடங்கினாலும் அதைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வைத்தியர்களும் ஏசாமல் எழுதிக் கொடுங்கள்.