தகரத்தில் ஒரு நிலையம்

விளையாட்டு இருப்புப்பாதைக்கெனப் பழைய தகரக் கட்டடங்களைப் படியெடுத்துச் செய்தல் வீண் வேலையென்பாருமுளர். யாம் அதற்கு உடன்படோம். 1891ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் லைப்சிக் சந்தையில், அகலம் வரையறுத்த பாதைகளோடு பொம்மைப் புகைவண்டிகளைக் காட்சிக்கு வைத்தனர். தகர நிலையங்களும் அவற்றிற்குத் துணையாயின.

அத்தகையதொன்றைப் படியெடுக்கப் புகுவோன் முதற்கண் அளவெடுத்தல் வேண்டும். தாளில் மாதிரி வெட்டி மடித்துப் பார்த்தல் வேண்டும். பின்னரே தகரத்தைக் கத்தரித்து, கூரிய விளிம்பை உள்மடித்து, மூலைகளைப் பற்றாசு வைத்து இணைத்தல் வேண்டும். சன்னலொன்று பிறழினும் முகப்புக் கெடும். இங்ஙனம் கையால் அறிந்தவனே கட்டடத்தைக் கண்டவனாவான்.

இப்பயிற்சி விளையாட்டோடு ஒழிவதன்று. நம் புதுச்சேரிக் கடற்கரையில் ‘மேரி’ எனப்பெறும் நகரமன்றம் 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்தது. பழைய வடிவிலேயே எழுப்பப்பெற்று 2021இல் திறக்கப்பெற்றது. அதன் உருவும் அளவும் தெரிந்திருந்தமையாலன்றோ அது கூடிற்று?

ஆதலின், 1879இல் இருப்புப்பாதை வந்தடைந்த நம் ஊர் நிலையத்தை மாணவர் தகரத்தில் அமைப்பாராக. செய்த ஆண்டை அடியிற் பொறிக்க மறவற்க. படியைப் பழையதெனக் காட்டுதல் பொய்யாம். இடிந்தபின் வருந்துதலினும் நிற்குங்கால் அளவெடுத்தல் நன்று.