போன் உங்களுடையது... பூட்டு யாருடையது? ‘பூட்லோடர் அன்லாக்’ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

“போன் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிகூட தாங்குது. ஆனா அப்டேட் வர்றது மட்டும் நின்னு போச்சு.” நான்கைந்து வருடத்துக்கு முன் ஆண்ட்ராய்டு போன் வாங்கிய பலரும் இப்போது இப்படித்தான் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் உடனே ஒரு வழி கிடைக்கும்: “பூட்லோடரை அன்லாக் பண்ணுங்க, கஸ்டம் ரோம் போடுங்க, போன் புதுசு மாதிரி ஆயிடும்.”

சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால், அப்படி மாற்றிய போனில் வங்கிச் செயலியோ யுபிஐ செயலியோ திறக்க மறுக்கலாம். இன்னொரு பக்கம், அந்தப் பூட்டைத் திறக்கும் வசதியையே போன் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் குறைத்து வருகின்றன. ஏன் இப்படி? இதனால் நமக்கு என்ன பாதிப்பு? விரிவாகப் பார்ப்போம்.

பூட்லோடர் என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும் போனில் முதலில் ஓடும் சிறிய மென்பொருள்களில் ஒன்றுதான் பூட்லோடர். ஆண்ட்ராய்டை எழுப்பி விடுவது அதன் வேலை. எழுப்புவதற்கு முன், “இது நம்ம கம்பெனி கையெழுத்து போட்ட மென்பொருள்தானா?” என்று சரிபார்க்கும். டிஜிட்டல் கையெழுத்து பொருந்தவில்லை என்றால் அந்த மென்பொருளை ஓட விடாது.

இந்தச் சோதனைக்குக் காரணம் இருக்கிறது. போனைத் திருடியவரோ, பெட்டியைப் பிரித்து மறுபடி விற்கும் இடைத்தரகரோ ஆண்ட்ராய்டுக்குள்ளேயே உளவு மென்பொருளை நுழைத்துவிடாமல் தடுப்பது இந்தப் பூட்டுதான். பூட்லோடரை அன்லாக் செய்வது என்றால், “யாருடைய கையெழுத்தாக இருந்தாலும் சரி, ஓட விடு” என்று அதனிடம் சொல்வதாகும்.

சிம் அன்லாக், ரூட், கஸ்டம் ரோம்... எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

சிம் அன்லாக் என்பது ஒரே நெட்வொர்க்கில் மட்டும் ஓடும் போனை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றுவது. அமெரிக்கா போன்ற நாடுகளில்தான் இது பெரிய பிரச்சினை.

பூட்லோடர் அன்லாக் என்பது மேலே சொன்ன பூட்டைத் திறப்பது. கஸ்டம் ரோம் என்பது திறந்த பிறகு, நிறுவனம் கொடுத்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக வேறொரு ஆண்ட்ராய்டைப் போடுவது. ரூட் என்பது போனின் எந்த மூலைக்கும் போகக்கூடிய முழு அதிகாரத்தைப் பயனாளரே எடுத்துக்கொள்வது. கஸ்டம் ரோம் போட்டவர்கள் எல்லோரும் ரூட் செய்வதில்லை.

எதற்காகத் திறக்கிறார்கள்?

ஒரு காலத்தில் தீம் மாற்றவும், வேகம் கூட்டவும் இதைச் செய்தார்கள். இன்றைக்கு முக்கியமான காரணம் போனின் ஆயுள்.

இப்போது அதிகம் பேசப்படும் கஸ்டம் ரோம் லினேஜ் ஓஎஸ். இதன் முன்னோடி, 2009-ல் தொடங்கிய சயனோஜென்மாட். 2014-ல் வந்த ஒன்பிளஸ் ஒன் போன், கடையிலிருந்தே சயனோஜென்மாடுடன் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவில் அந்த மென்பொருளுக்குத் தனி உரிமை தங்களிடம் இருப்பதாக மைக்ரோமேக்ஸ் வழக்குத் தொடுக்க, டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்பிளஸ் விற்பனைக்குத் தற்காலிகத் தடையே போட்டது. அந்த அளவுக்கு மவுசு இருந்தது. 2016 டிசம்பரில் சயனோஜென் நிறுவனம் தன் சேவைகளை மூட, தன்னார்வலர்கள் லினேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

நிறுவனம் கைவிட்ட பழைய போன்களுக்கும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் இவர்கள் இலவசமாகத் தருகிறார்கள். ஒரு குறையும் உண்டு. சிப், மோடம் போன்றவற்றுக்கு அவற்றைத் தயாரித்தவர்கள் தர வேண்டிய திருத்தங்களை லினேஜ் ஓஎஸ் குழுவால் தர முடியாது. ஆகவே போன் முழுக்கப் புதுசாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திருத்தமும் வராமல் கிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

திறந்தால் என்ன இழப்பு?

முதல் இழப்பு உடனே நடக்கும். அன்லாக் செய்த நொடியே போனில் உள்ள படம், காண்டாக்ட், சாட் எல்லாம் அழிந்துவிடும். போனைத் திருடியவர் பூட்டைத் திறந்து உங்கள் தகவலைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வாரண்டி. பல நிறுவனங்கள் இதைக் காரணம் காட்டி இலவசப் பழுதுபார்ப்பை மறுக்கலாம். சாம்சங் போன்களில் இன்னும் ஒரு படி மேலே. அதிகாரபூர்வமற்ற மென்பொருளைப் போட்டால் ‘நாக்ஸ்’ பாதுகாப்பில் உள்ள ஒரு மின் ஃபியூஸ் எரிந்துவிடும். பழைய மென்பொருளையே மறுபடி போட்டாலும் அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பே போன்றவை அந்தப் போனில் அதோடு போச்சு.

மூன்றாவது, சில போன்களில் ஓடிடி தளங்களின் படம் ஹெச்டி தரத்தில் வராது.

நான்காவதுதான் இந்தியாவில் பெரிய அடி: பணம் அனுப்புவது.

வங்கிச் செயலிகள் ஏன் மறுக்கின்றன?

உங்கள் போன் நம்பகமானதா என்று ஒவ்வொரு செயலியும் தானே சோதிப்பதில்லை. கூகுளிடம் கேட்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘பிளே இன்டெக்ரிட்டி’. பூட்லோடர் திறந்திருந்தால், “இந்தப் போன் சோதனையில் தேறவில்லை” என்று பதில் போகும். அதன்பின் உள்ளே விடுவதா வேண்டாமா என்பது செயலியின் முடிவு. நிதிச் செயலிகள் பெரும்பாலும் ரிஸ்க் எடுப்பதில்லை. முன்பு இதை ஏமாற்றச் சில வழிகள் இருந்தன. 2025-ல் இருந்து ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேற்பட்ட பதிப்புகளும் உள்ள போன்களில், சிப்புக்குள்ளேயே இருக்கும் சாவியை வைத்துச் சோதிப்பதால் அந்த வழிகளும் அடைபட்டு வருகின்றன.

வங்கிகளின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ரூட் செய்த போனில் ஒரு கெட்ட செயலிக்கு முழு அதிகாரம் கிடைத்துவிட்டால், பின் நம்பர், ஓடிபி எதுவுமே மறைவாக இருக்காது.

ஆனால் இங்கேதான் ஒரு முரண்பாடு. நான்கு வருடமாக ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வராத பழைய போனை எடுத்துக்கொள்வோம். பூட்டைத் தொடாமல் வைத்திருந்தால், பிளே இன்டெக்ரிட்டியின் வழக்கமான சோதனையில் அது தேறிவிடும். கடந்த ஓராண்டுக்குள் திருத்தம் வந்திருக்க வேண்டும் என்று கேட்பது அதிலுள்ள கடுமையான சோதனை மட்டும்தான். அதுவும் ஆண்ட்ராய்டு 13 முதல்தான். அதே பழைய போனில், போன மாதத் திருத்தம் வரை உள்ள லினேஜ் ஓஎஸ் போட்டால் தேறாது. அதாவது, சோதனை பார்ப்பது “போன் பாதுகாப்பாக இருக்கிறதா?” என்பதைவிட, “கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா?” என்பதைத்தான்.

கூகுளின் பிக்சல் போன்களில் வேறு மென்பொருளைப் போட்டுவிட்டு, அதற்குரிய சாவியோடு பூட்டை மறுபடி பூட்டவும் முடியும். கிராஃபீன் ஓஎஸ் இப்படித்தான் இயங்குகிறது. மாற்றமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்றால் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. ஆனாலும் வழக்கமான சோதனையில் அது கூகுள் சான்றளித்த மென்பொருளாகக் கணக்கில் வராது.

பூட்டு ஏன் இறுகிக்கொண்டே போகிறது?

ஹுவாவே 2018-லேயே அன்லாக் கோடு கொடுப்பதை நிறுத்தியது. ஷாவ்மி போன்களில் விண்ணப்பித்துவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை முன்பே இருந்தது. 2023-ல் ஹைப்பர் ஓஎஸ் வந்த பிறகு நிபந்தனைகள் இன்னும் கூடின. சாம்சங் 2025 ஜூலையில் ஃபோல்டு 7, ஃபிளிப் 7 போன்களோடு கொண்டுவந்த ஒன் யூஐ 8-ல், ‘ஓஇஎம் அன்லாக்’ என்ற தேர்வையே காணோம்.

2025 ஆகஸ்ட் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ரேடியோ கருவிகளுக்கான புதிய சைபர் பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்தன. பூட்லோடரைத் திறக்கக் கூடாது என்று அந்த விதிகள் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனாலும், “நமக்கு எதுக்கு வம்பு?” என்று நிறுவனங்கள் கதவைச் சாத்த இதுவும் ஒரு காரணமாகலாம் என்ற பேச்சு எழுந்தது.

செயலிகள் பக்கமும் இதே போக்குதான். அடையாளத்தைப் பதிவு செய்த டெவலப்பர்களின் செயலிகளை மட்டுமே ஆண்ட்ராய்டில் நிறுவ முடியும் என்ற விதியை 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோவது திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்த பயனாளர்களுக்குத் தனி வழி தருவதாகச் சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் போனை ‘ஜெயில்பிரேக்’ செய்ய 2010-ல் காப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. சிம் அன்லாக்குக்கான விலக்கு 2013 ஜனவரியில் போனபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1-ல் அதிபர் ஒபாமா அதை மீண்டும் அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இந்தியாவில் 2012-ல் சேர்க்கப்பட்ட காப்புரிமைச் சட்டப் பிரிவு 65ஏ, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. நிறுவனம் தரும் வழியிலேயே சொந்த போனின் பூட்டைத் திறப்பது அந்த வகையில் வராது.

ஆனால் ஒரு எல்லைக்கோடு உண்டு. போனின் ஐஎம்இஐ எண்ணில் கை வைத்தால் கதை வேறு. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி, மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு

2023 ஜனவரியில், சென்னை ஐஐடி-யில் வளர்ந்த நிறுவனம் ஒன்று ‘பார் ஓஎஸ்’ என்ற மொபைல் இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண போன்களிலேயே இதைப் போடலாம் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட சிறப்பு. யோசித்துப் பாருங்கள்: எல்லா நிறுவனமும் பூட்டை இறுக்கிவிட்டால், நாமே உருவாக்கும் ஓஎஸ்-ஐக்கூட அவர்கள் அனுமதி இல்லாமல் எந்தப் போனில் போடுவது?

சரி, வீட்டில் செய்து பார்க்கலாமா?

செய்வதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

- தினமும் பணம் அனுப்பும் போனில் வேண்டாம். பழைய, இரண்டாவது போனில் மட்டும் செய்யுங்கள்.
- உங்கள் மாடலின் சரியான பெயரும் எண்ணும் லினேஜ் ஓஎஸ் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வகை போன்கள் விற்பது உண்டு. மாற்றிப் போட்டால் போன் எழுந்திருக்காது.
- எல்லாத் தகவலையும் வெளியே பேக்கப் எடுத்துவிடுங்கள்.
- மென்பொருளை அதன் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள். டெலிகிராமில் யாரோ அனுப்பும் ஃபைலைப் போடுவது, வீட்டுச் சாவியைத் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம்.
- தேவை இல்லாமல் ரூட் செய்யாதீர்கள்.
- கம்பெனி மென்பொருளுக்குத் திரும்பும்போது, அது முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறது என்று தெரியும் முன் பூட்டைப் பூட்டாதீர்கள். போன் முடங்கிப்போகலாம்.
- “அன்லாக் பண்ணித் தர்றோம்” என்று காசு கேட்கும் ஆட்களிடம் போனையோ கணக்கின் பாஸ்வேர்டையோ கொடுக்காதீர்கள்.

என்ன செய்தால் தீரும்?

பழைய லேப்டாப்பில் விண்டோஸ் ஆதரவு முடிந்தால் லினக்ஸ் போட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. போனில் மட்டும் அந்தச் சாவி நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள விதி, ஒரு மாடலின் விற்பனையை நிறுவனம் நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தரச் சொல்கிறது. இந்தியாவில் போன்களுக்கான ‘பழுதுபார்ப்புக் குறியீடு’ பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது. உதிரி பாகம், கருவிகளோடு மென்பொருள் அப்டேட்டையும் மதிப்பெண் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம்.

அதில் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: “அப்டேட்டை நிறுத்தும் நாளில், பூட்டின் சாவியை வாங்கியவரிடம் கொடுப்பீர்களா?” விற்பனையில் உள்ள போன்களைப் பாதுகாப்புக்காகப் பூட்டி வைப்பதில் நியாயம் இருக்கிறது. நிறுவனமே கைகழுவிய போனையும் பூட்டியே வைத்திருந்தால், வேலை செய்யும் பொருள் மின்னணுக் குப்பைக்குப் போவதுதான் மிச்சம்.

அதுவரை, அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வருடம் அப்டேட் வரும், அதற்குப் பிறகு பூட்டைத் திறக்க விடுவார்களா என்பதையும் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.