பிங்க் பேரணி முடிந்த பிறகு என்ன? மார்பகப் புற்றுநோயில் இந்தியா கோட்டைவிடும் 3 இடங்கள்

அக்டோபர் வந்தாலே ஊரெல்லாம் பிங்க் நிறம்தான். கடற்கரையில் வாக்கத்தான், கல்லூரிகளில் முடி தானம், அலுவலகங்களில் ரிப்பன், கட்டடங்களில் பிங்க் விளக்கு. 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் இன்று நம்மூர் காலண்டரிலும் இடம் பிடித்துவிட்டது.

நல்ல விஷயம்தான். ஆனால் டி-ஷர்ட் போட்டு நடந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போனார்கள்? கட்டி இருப்பது தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முழுசா முடித்தார்கள்? உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டு கேள்விகள்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு சுமார் 98 ஆயிரம் பேர் இந்த நோயால் இறந்தனர்.

உலக அளவில் புதிய நோயாளிகள் சுமார் 23 லட்சம், மரணங்கள் சுமார் 6.7 லட்சம்.

அதாவது 100 புதிய நோயாளிகளுக்கு உலக சராசரி சுமார் 29 மரணங்கள். இந்தியாவில் அது சுமார் 51. ஒரே ஆண்டின் இரண்டு எண்களை ஒப்பிடும் தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் இடைவெளி பெரியது. நம் நாட்டில் நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும், சிகிச்சை முழுமையாகக் கிடைக்காததும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

உலக சுகாதார அமைப்பின் '60-60-80' கணக்கு

2021-ல் உலக சுகாதார அமைப்பு மார்பகப் புற்றுநோய்க்கென தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதில் நாடுகளுக்கு மூன்று இலக்குகள் வைக்கப்பட்டுள்ளன.

• பரவக்கூடிய தன்மை கொண்ட மார்பகப் புற்றுநோய்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு கட்டங்களிலேயே கண்டறியப்பட வேண்டும்.
• நோயாளி முதலில் மருத்துவரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோய் உறுதி செய்யப்பட வேண்டும்.
• 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும்.

இந்தியா சறுக்குவதும் இந்த மூன்று இடங்களில்தான்.

இடம் 1: பரிசோதனைக்கே யாரும் வருவதில்லை

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் 'மார்பகப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டீர்களா?' என்று கேட்கப்பட்டது. 'ஆமாம்' என்றவர்கள் நாடு முழுவதும் வெறும் 0.9 சதவீதம். தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். நாட்டின் சராசரியைவிட நாம் பல மடங்கு மேல்தான். ஆனாலும் 100-ல் 94 பேர் ஒருமுறைகூட பரிசோதனை செய்துகொள்ளவில்லை.

'எல்லோருக்கும் மேமோகிராம் எடுக்க வசதி வேண்டுமே' என்று கேட்கலாம். இதற்கு மும்பையில் நடந்த ஒரு ஆய்வு வேறு வழி காட்டுகிறது.

டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் மும்பை குடிசைப் பகுதிகளில் இந்த ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1.5 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் இதில் இருந்தனர். ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தனர். மொத்தம் நான்கு சுற்றுகள். மறு பிரிவினருக்கு ஒரே ஒரு சுற்று விழிப்புணர்வு மட்டும். அதன்பின் இரு பிரிவினரும் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர்.

20 ஆண்டு முடிவுகள் 2021-ல் வெளியாகின. விழிப்புணர்வு மட்டும் பெற்ற பிரிவில் 47 சதவீத நோய்கள் முற்றிய கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. பரிசோதனை செய்யப்பட்ட பிரிவில் அது 37 சதவீதம். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 சதவீதம்தான். புள்ளியியல்படி அதை உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

ஆனாலும் விஷயம் தெளிவு. பெரிய மெஷின் இல்லாமல், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைகளாலேயே நோயை முன்கூட்டிப் பிடிக்க முடியும். பேச்சு மட்டும் போதாது, பரிசோதனை நடக்க வேண்டும்.

இடம் 2: கட்டி தெரிந்த பிறகும் தாமதம்

'வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்.' மார்பகக் கட்டியைப் பொறுத்தவரை மிக ஆபத்தான வார்த்தை இதுதான். காரணம், தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் நோய் அக்குள் நெறிகளுக்கும், அதைத் தாண்டியும் போய்விடலாம்.

கூச்சம், வீட்டில் சொல்லத் தயக்கம், 'பொண்ணு கல்யாணம் முடியட்டும்' என்ற தள்ளிப்போடல், கூலி இழப்பு பயம் என காரணங்கள் பல. மருத்துவமனைக்குப் போன பிறகும் ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசி மூலம் சதை எடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள் என அலைச்சல் தொடங்குகிறது. வெளியூர்க்காரர்கள் பலர் இங்கேயே சோர்ந்துபோகிறார்கள்.

60 நாள் இலக்கு இதற்காகத்தான். உடன் வந்து, எந்தக் கவுன்டரில் எந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தாலே இந்த நாட்கள் குறையும்.

இடம் 3: பாதியில் நிற்கும் சிகிச்சை

அறுவை சிகிச்சையோடு கதை முடிவதில்லை. கீமோதெரபி தேவைப்பட்டால் பல மாதங்கள் ஆகும். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், பொதுவாக மூன்று முதல் ஐந்து வாரங்கள். ஹார்மோன் மாத்திரை தேவைப்படுபவர்கள் அதை 5 முதல் 10 ஆண்டுகள் வரை சாப்பிட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. புற்றுநோய் சிகிச்சையும் இதில் வருகிறது. ஆனால் பஸ் செலவு, தங்கும் இடம், துணைக்கு வருபவரின் வேலை இழப்பு ஆகியவை கைக்காசுதான். முடி வளர்ந்து, உடம்பு தேறியதும் 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

அப்படியானால் நிகழ்ச்சிகளே வேண்டாமா?

நிச்சயம் வேண்டும். ஆனால் அவை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதுதான் முக்கியம். இதற்கு கனடாவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிகளை அகற்றினால் சிலருக்குக் கை வீங்கும். அதனால் 'குடம் தூக்காதே, பாரம் எடுக்காதே' என்றுதான் முன்பெல்லாம் உலகம் முழுக்கச் சொன்னார்கள். 1996-ல் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர், நோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பலர் சேர்ந்து துடுப்பு போடும் டிராகன் படகில் ஏற்றினார். அவர்களில் யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை.

பின்னர் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. கண்காணிப்போடு, படிப்படியாக எடை தூக்கிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவதும் குறைந்தது. 2009-ல் வெளியான முடிவு இது. இன்று உடற்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்கப்படுகிறது. பயிற்சியை மருத்துவர் ஆலோசனையோடுதான் தொடங்க வேண்டும்.

நோயாளிகள் ஒன்றுகூடிய ஒரு நிகழ்ச்சி, ஆய்வாகவும் ஆதரவுக் குழுவாகவும் மாறி, மருத்துவர்கள் சொல்லும் அறிவுரையையே மாற்றியது. அதே படகு அணிகள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன.

நம் ஊரிலும் இதற்கு வேர் இருக்கிறது. 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பின்னால் இருந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்திய மாதர் சங்கமும். பெண்கள் ஒன்றுசேர்ந்து நிதி திரட்டியதன் பலன் அது.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

• மார்பகத்திலோ அக்குளிலோ புதிய கட்டி அல்லது தடிப்பு
• தோலில் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போல மாறுவது
• காம்பு திடீரென உள்ளிழுப்பது, ரத்தம் கலந்த கசிவு
• ஒரு மார்பகத்தின் அளவு அல்லது வடிவம் மாறுவது

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் எது, எது அல்ல என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் இந்த நோய் வரும். மொத்த நோயாளிகளில் அவர்கள் 0.5 முதல் 1 சதவீதம்.

அடுத்த அக்டோபரில் என்ன மாற வேண்டும்?

பேரணி நடக்கும் இடத்திலேயே, மறைவான ஒரு அறையில் பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதிக்கலாம். கட்டி இருப்பவரின் எண்ணை வாங்கி, மருத்துவமனைக்குப் போனாரா என்று தொடர்ந்து விசாரிக்கலாம். சிகிச்சை முடித்த பெண்களைப் புதிய நோயாளிகளுக்குத் துணையாக அனுப்பலாம். திரட்டிய நிதியை வெளியூர் நோயாளிகளின் பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் ஒதுக்கலாம்.

எத்தனை ஆயிரம் பேர் நடந்தார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறோம். எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேருக்கு 60 நாளில் ரிசல்ட் கிடைத்தது, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துச் சொன்னால், அந்த 51 என்ற எண் குறையத் தொடங்கும்.