நம் புத்தகங்களுக்கு யார் கணக்கு வைப்பது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோதும், அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோதும் பேராக்கில் நம்மவர்கள் லயங்களைக் காலி செய்தார்கள். பாத்திரம் பண்டங்களும் சாமிப் படங்களும் லாரியில் ஏறின. மணிமன்றத்து அலமாரியில் இருந்த புத்தகங்கள் ஏறினவா? பல தோட்டங்களைப் பற்றி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்று ஆளில்லை.

சில இடங்களில் ஏறின. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இடம் மாறிய ஒரு தமிழ்ப்பள்ளியைச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பார்த்தேன். அதன் சாமான் அறையில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள். கோயில் திருவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர் எழுத்தாளர்கள் சொந்தக் காசில் அச்சிட்ட சிறுகதைத் தொகுப்புகள். யாரோ ஓர் ஆசிரியர் முன்பே இவற்றுக்குப் பட்டியல் போட்டு வட்டில் பதிந்து வைத்திருந்தார். ஆவலோடு திறந்தோம். திரை முழுவதும் கிறுக்கல்! யுனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த காலத்துப் பட்டியல் அது. அந்த எழுத்துருவைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்த அனுபவத்தில் பிறந்த கருத்து இது. பேராக்கில் பயிலும் தமிழ் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து, நம் பள்ளிகளிலும் மன்றங்களிலும் சிதறிக் கிடக்கும் நூல்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் அமைக்க வேண்டும். அதைத் திறந்த மூல மென்பொருளில் அமைக்க வேண்டும். தமிழ் எழுத்திலேயே அமைக்க வேண்டும்.

கருவி நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்து நூலகம் 1999-இல் ஒரு சிக்கலில் மாட்டியது. அதன் பழைய கணினி முறை 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது. அந்த நூலகத்துக்காகக் கட்டிப்போ என்ற சிறு நிறுவனம் எழுதிய மென்பொருள் 2000 ஜனவரியில் வேலைக்கு வந்தது. அதைப் பூட்டி வைக்காமல், யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற பொது உரிமத்தில் உலகுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் கோஹா. பெரிய தலைநகரத்து நூலகம் செய்த வேலையல்ல இது. ஒரு நாட்டுப்புற நூலகம் தன் தேவைக்குச் செய்தது.

நிறுவுவதும் மலையைப் புரட்டும் வேலையல்ல. டெபியன் லினக்ஸ் உள்ள ஒரு கணினி வேண்டும். பழகிப் பார்க்கப் பழைய மேசைக் கணினியே போதும். கோஹாவையும் மரியாடிபி தரவுத்தளத்தையும் நிறுவியபின், நூலகத்துக்கான தளத்தை ஒரு கட்டளையில் உருவாக்கலாம். மீதி வேலை உலாவியில் நடக்கும். மார்க் 21 என்ற நூற்பதிவு முறையைத் தேர்ந்து, கிளைகளின் பெயர், உறுப்பினர் வகை, இரவல் விதிகள் ஆகியவற்றை வரிசையாக நிரப்பினால் நூலகம் தயார்.

தமிழுக்கென்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேடலுக்கான குறியீட்டை ஜீப்ரா என்ற பகுதி உருவாக்குகிறது. அதில் வழக்கமாக வரும் சிஎச்ஆர் முறை ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்தது. தமிழுக்கு ஐசியூ முறைக்கு மாற்ற வேண்டும். மறந்தால் நூல் பதிவாகியிருக்கும். தேடினால் ஒழுங்காகக் கிடைக்காது.

ரோமன் எழுத்தில் பதிந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். நம் எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவின் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அவர் பெயரின் கடைசி எழுத்தாகிய 'சு'வை 'எஸ்' போட்டு எழுதுவது வழக்கம். நூலகங்களின் அனைத்துலக ஒலிபெயர்ப்பு முறையோ அதற்குச் 'சி' போடுகிறது. பழகிய வடிவில் தேடும் மாணவனுக்கு நூல் கிடைக்காது. நூலகத்தில் இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவான். ஆகவே தலைப்புக்கான 245-ஆம் புலத்தில் தமிழிலேயே எழுதுவோம். ரோமன் வடிவத்தை வேண்டுமானால் 246-இல் கூடுதலாகச் சேர்ப்போம்.

இதற்கெல்லாம் ஓர் எக்செல் பட்டியல் போதாதா? ஒரே ஓர் அலமாரிக்குப் போதும். ஆனால் பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. கோஹாவில் ஒவ்வொரு பள்ளியையும் ஒரு கிளையாகப் பதியலாம். புந்தோங்கில் உட்கார்ந்து தேடும் ஒருவருக்கு, தான் தேடிய மலர் தெலுக் இந்தானில் இருக்கிறதா, தாப்பாவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புத்தகம் எந்தப் பள்ளிக்குச் சொந்தமோ அங்கேயே இருக்கட்டும். பட்டியல் மட்டும் பொதுவாகட்டும்.

மென்பொருளுக்கு ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம். வழங்கிக்கான வாடகைக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய செலவு ஆளும் நேரமும். இங்கேதான் நம் கழகங்கள் சறுக்குகின்றன. ஆர்வமுள்ள ஒருவர் இணையத்தளம் தொடங்குவார். பட்டம் வாங்கிப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். கோஹாவுக்கும் இந்தக் கதி வரக்கூடாது. பொறுப்பு குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். தரவின் நகல் ஒவ்வொரு வாரமும் வேறோர் இடத்துக்குப் போகட்டும். புதிய செயலவை பொறுப்பேற்கும்போது கணக்குப் புத்தகத்தோடு வழங்கியின் குறிப்பேடும் கைமாறட்டும்.

தஞ்சோங் மாலிமில் தமிழாசிரியராகப் போகிறவர்கள் படிக்கிறார்கள். கம்பாரில் கணினித்துறை மாணவர்கள் படிக்கிறார்கள். ஒருவருக்கு நூல் தெரியும், மற்றவருக்கு வழங்கி தெரியும். ஒரு பருவ விடுமுறையில் ஒரே ஒரு பள்ளியின் பெட்டிகளை எடுத்துத் தொடங்கலாம். ஈப்போவில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் முதலாண்டு வாடகையை ஏற்கலாம்.

கோஹா என்பது மவோரி மொழிச் சொல். கொடை என்று பொருள்; வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் உண்டு. நமக்கு இது புதிதல்ல, மொய் எழுதிப் பழகியவர்கள்தானே நாம்! தோட்டத்துப் பெரியவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிவைத்த புத்தகங்களை நாம் வாங்கிக்கொண்டோம். திருப்பிச் செய்யும் முறை இப்போது நம்முடையது. பெட்டிகளைக் கறையான் தொடுவதற்குள் செய்துவிடுவோம்.