வாடைக்காலத்து மிதிவண்டி

நெடுநல்வாடை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "மதுரையில ஏதுய்யா இவ்வளவு குளிரு?" பாட்டின் தொடக்கத்தில் கோவலர்கள் மழைக்கு அஞ்சி மேட்டு நிலத்திற்குப் பெயர்கிறார்கள், கையில் நெருப்பை வைத்துக்கொண்டும் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்தி கூனிக் குறுகுகிறது. மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் மிகையாகப் படுவதில் வியப்பில்லை. நானும் பல ஆண்டுகள் 'கவி மரபு' என்று ஒரு சொல்லைச் சொல்லி அந்த இடத்தைக் கடந்து வந்திருக்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் அந்தக் கேள்விக்கு விடை என்னிடமிருந்து வரவில்லை, கடைசி வரிசையிலிருந்து வந்தது. பொதுவாக வாய் திறக்காத மாணவன். "காலையில நாலு மணிக்கு சைக்கிள்ல பால் கொண்டு போய்ப் பாரு. கை விறைச்சு பிரேக் பிடிக்க வராது. அப்புறம் தெரியும்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவன் சொன்னது என் உடம்புக்கும் விளங்கியிருந்தது.

*

நாற்பதைக் கடந்து, சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவர் புருவத்தைச் சுருக்கிய பிறகு மிதிவண்டிக்குத் திரும்பியவன் நான். உடன் ஓட்டும் நண்பர்கள் மூவரும் ஏறத்தாழ இதே காரணத்தால் வந்தவர்கள். நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு உலகெங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1904இல் தொடங்கப்பட்ட பாரிசின் ஓடாக்ஸ் சங்கம் வகுத்த கணக்கு அது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. இதன் உச்சம் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ். 1891இல் பந்தயமாகத் தொடங்கி, இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1200 கிலோமீட்டர் ஓட்டம், கெடு 90 மணி. இந்தியாவிலிருந்தும் பலர் போய் வருகிறார்கள். சென்னையிலும் கோவையிலும் இந்த விதிப்படி ஓட்டங்கள் நடக்கின்றன.

நாங்கள் யாரிடமும் பதிவு செய்துகொள்ளவில்லை. கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கார்த்திகை ஞாயிறு காலை நாலு மணிக்கு மதுரையிலிருந்து திருச்சிச் சாலையில் கிளம்பினோம். விராலிமலை போய்த் திரும்பினால் இருநூறு கிலோமீட்டரும் சில்லறையும். போகும்போது வானம் மூடியிருந்ததே ஒழிய மழை இல்லை. திரும்பும் வழியில் துவரங்குறிச்சிக்கு அருகே பிடித்துக்கொண்டது. எதிர்க்காற்றோடு ஒன்றரை மணி நேரம் விடாமல் பெய்தது.

வெப்பநிலை இருபது, இருபத்தொரு டிகிரிக்குக் குறைந்திருக்காது. அறைக்குள் இருந்தால் அதை 'இதமாக இருக்கிறது' என்போம். ஆனால் நனைந்த உடம்பின் கணக்கு வேறு. நீர் காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் சூட்டைக் கடத்திவிடும். மிதிவண்டிக்காரன் தன் வேகத்தாலேயே தனக்கொரு வாடையை உண்டாக்கிக்கொள்பவன். காலையிலிருந்து எட்டு மணி நேரம் மிதித்து, உண்டதெல்லாம் எரிந்து தீர்ந்திருக்கும் நேரம் வேறு. முதலில் உதறல் வந்தது. பிறகு விரல்கள் சொன்னதைக் கேட்க மறுத்தன. கொட்டாம்பட்டியில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியபோது மழைச்சட்டையின் பொத்தானை என்னால் கழற்ற முடியவில்லை. கொடுத்த பணத்துக்கு மீதிச் சில்லறையை மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் வேறு வேறு தொகை வந்தது. குளிர் கையை விட்டு மூளைக்கு ஏறிவிட்டது என்பதன் அடையாளம் அது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிலையில் சாலையில் இருப்பவன் வளைவைத் தவறாகக் கணிப்பான், பின்னால் வரும் லாரியின் ஓசையைக் கேட்டும் கேளாமல் இருப்பான்.

கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பழைய நாளிதழ்களை எடுத்து நீட்டி, "சட்டைக்குள்ள வச்சுக்கங்க சார், நெஞ்சுல காத்து ஏறாது" என்றார். ஐரோப்பிய மலைப்பாதைகளில் இறங்கும் பந்தய வீரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் உபாயம் அது. கொட்டாம்பட்டியில் அதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்தார். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். பின் கேரியரில் கீரைக்கட்டு. பழைய கம்பி பிரேக் வண்டி, முன்னும் பின்னும் விளக்கு இல்லை. மேலூர் வரைக்கும் போக வேண்டுமாம். எங்கள் ஒளிரும் சட்டைகளையும், வண்டிகளின் முன்னும் பின்னும் மினுங்கிய விளக்குகளையும் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் இந்தப் பாடு?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மழைக்குள் போய்விட்டார்.

*

அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். குளிர்காலம் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதைத் தொல்காப்பியம் மூன்றாகப் பிரிக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. உரைகாரர்கள் தந்த மாதக் கணக்காக மட்டுமே இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டோம். சாலையில் மிதிப்பவனுக்கு, குறைந்தது முதல் இரண்டும் தனித்தனி அபாயங்கள்.

கூதிரின் அபாயம் நீர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. நெடுநாள் வெயிலில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழம்பி வழுக்கும். வெள்ளைக் கோடுகள் சோப்புப் போல ஆகிவிடும். பள்ளமும் தேங்கிய நீரும் ஒரே நிறத்தில் தெரியும். நம் ஊரில் இன்றும் உழைப்பாளிகள் ஓட்டுவது பெரும்பாலும் குரோமியம் பூசிய இரும்பு 'ரிம்' உள்ள வண்டிகளை. அதில் நீர் பட்டுவிட்டால் ரப்பர் கட்டைகள் பிடிப்பதே இல்லை. கல்லூரி நாட்களில் ஒரு மழையில் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தியபடியே ஒரு மாட்டு வண்டியின் பின்புறத்தில் போய் மோதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முன்பனியின் அபாயம் இருள். மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில், கண்மாயும் வயலும் நனைந்து கிடக்கும் வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கங்களில் விடியற்காலை மூடுபனி இறங்குகிறது. டிசம்பர் 21ஐ ஒட்டி இரவு மிக நீளம் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் மதுரையில் கதிரவன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரிக் கடைசியில், ஆறரை மணிக்கும் மேல். மே மாத இறுதியிலோ ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். பால்காரரின் மணியும் பூ மார்க்கெட்டின் மணியும் செய்தித்தாள்க் கட்டு வந்திறங்கும் மணியும் பருவத்துக்கேற்ப மாறுவதில்லை. மே மாதத்தில் வெளிச்சத்தில் கடந்த அதே சாலையைத் தை மாதத்தில் அவர்கள் இருட்டில் கடக்கிறார்கள். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர் ஓடுகிறது. எதிரில் வருபவரின் உயர்கதிர் விளக்கு கண்ணைப் பறிக்க, பனியும் சேர்ந்துகொள்ள, கறுத்த போர்வை போர்த்திய ஒருவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியவரும்போது அவருக்கு மிஞ்சுவது இரண்டொரு நொடிதான்.

*

கடைசி வரிசை மாணவனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பால் ஊற்றும் வேலை அவனுடையதல்ல, அவன் தந்தையுடையது. அவன் பள்ளியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தை மாத விடியலில், நான்குவழிச் சாலையை ஒட்டிய இணைப்புச் சாலையில், எதிர்த்திசையில் வந்த கார் அவர்மீது மோதியது. உயிர் தப்பினார். இடுப்பெலும்பு முறிந்து, வண்டி மிதிக்க இயலாதவராகிவிட்டார். மகன் அந்தப் பால் கேன்களை எடுத்துக்கொண்டான். காலையில் நாலு மணிக்கு எழுபவன் பிற்பகல் வகுப்பில் தூங்குவதைக் கண்டு அவனை ஒருநாள் நான் கடிந்துகொண்டதும் உண்டு. காரணம் தெரிந்தது பிறகுதான்.

இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. எதிர்த்தரப்பு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே வரி, 'மிதிவண்டியில் விளக்கு இல்லை' என்பது. தவறான திசையில் வந்தது கார். ஆனாலும் அடிபட்டவரின் கவனக்குறைவுக்கும் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு இழப்பீட்டைக் குறைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. "வெளக்கு இருந்திருந்தா மட்டும் அவன் பார்த்திருப்பானாய்யா?" என்று அவன் என்னைக் கேட்டான். இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். விளக்கு இருந்திருக்க வேண்டும், அதை மறுக்க மாட்டேன். அது ஏன் இல்லை, அதற்கு யார் பொறுப்பு என்பதே என் கேள்வி. என் தந்தையார் காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைக் காவலர்கள் நிறுத்தி அபராதம் போட்டார்கள். வண்டிக்கு வரி கட்டி வில்லை மாட்ட வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு போய் டைனமோ வந்தது. அந்தக் கெடுபிடியை நாம் நகைச்சுவையாக நினைவுகூர்கிறோம். ஆனால் அதன் அடியில் சைக்கிளும் சாலையின் முறையான குடிமகன் என்ற ஒப்புதல் இருந்தது. பிறகு சாலை அகன்றது, வேகம் கூடியது, விளக்கு காணாமற்போனது. யாரும் கேட்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. அவர்களைக் கணக்கில் எடுக்காமலேயே நான்குவழிச் சாலைகள் வரையப்பட்டன.

மிதிவண்டியைப் பொறுத்தவரை தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய மாநிலம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பல்லாயிரம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 2001-02இல் தொடங்கி விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம் எத்தனையோ பெண்களின் படிப்பு நின்றுபோகாமல் காத்தது. என் மாணவிகளில் பலர் அந்த வண்டியில் வந்தவர்கள். ஆனால் நான் பார்த்த அந்த வண்டிகள் எதிலும் விளக்கைக் கண்டதில்லை. ஒளிதிருப்பிகளுக்குத் தரக்கட்டுப்பாடு விதித்து மைய அரசு 2020இல் ஆணை பிறப்பித்தது. நல்லதுதான், ஆனால் இருபது ஆண்டுப் பழைய வண்டியை ஓட்டும் கீரைக்காரரை அந்த ஆணை எட்டுவதில்லை.

பழனிப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். தைப்பூசத்தை ஒட்டி நத்தம் சாலையில் இரவெல்லாம் நடப்பவர்களின் முதுகுப் பைகளில் ஒளிரும் பட்டைகளை ஒட்டிவிடும் நல்ல வழக்கம் இப்போது வந்திருக்கிறது. பக்தர்களுக்குச் செய்யக்கூடிய ஒன்றைப் பால்காரருக்கும் செய்யலாம். இருநூறு ரூபாய்க்குள் ஒரு பின்விளக்கு கிடைக்கிறது. விலையில்லா வண்டியோடு அதையும் சேர்த்துக் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல. சாலையோரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மணலைக் குவிக்காமலும் லாரியை நிறுத்தாமலும் பார்த்துக்கொண்டாலே மிதிப்பவருக்கு ஒரு தடம் கிடைத்துவிடும். 2023இல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அத்தனை கட்ட முடிந்தவர்களுக்கு இது முடியாததா?

என் போன்ற ஆர்வலர்களுக்கும் ஒரு சொல். 1980இல் லியேஜ் - பஸ்டோன் - லியேஜ் பந்தயத்தில் கொட்டும் பனியில் வென்ற பெர்னார் ஈனோவின் விரல்கள் பிறகு முழுமையாகச் சரியாகவே இல்லை என்பதை நாம் காவியம்போலப் பேசுகிறோம். பேசலாம். ஆனால் அவர் அந்தக் குளிரைத் தேடிப் போனவர், நாமும் தேடிப் போகிறவர்கள்தாம். தேடாதவர்மீதும் அது ஒவ்வொரு விடியலிலும் வந்து இறங்குகிறது. எங்கள் நால்வரின் விளக்குகளுக்கும் சட்டைகளுக்கும் ஆன செலவில் ஒரு சிற்றூரின் எல்லாச் சைக்கிள்களுக்கும் பின்விளக்கு மாட்டியிருக்கலாம். இந்தத் தை மாதம் அந்த மாணவனின் ஊரில் அதைத்தான் செய்யப் போகிறோம். முப்பது வண்டிகள் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறான்.

நெடுநல்வாடையின் கடைசியில் அரசன் நள்ளிரவில் பாசறையில் நடந்து, புண்பட்ட வீரர்களைக் கண்டு வருகிறான். வாடை வடக்கிலிருந்து வீச, விளக்குகளின் சுடர் தெற்கே சாய்ந்து எரிகிறது. வேம்பு பற்றிய ஒரு குறிப்பால் அது அகமா புறமா என்று நாம் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். நானும் வகுப்பில் அந்த வாதத்தில்தான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். இந்த ஆண்டு கோவலர்களின் பகுதியில் சற்றுக் கூடுதலாக நிற்கலாம் என்றிருக்கிறேன். 'ஏதுய்யா இவ்வளவு குளிரு' என்று யாராவது கேட்டால், காலை நாலு மணிக்குச் சமயநல்லூர்ப் பக்கம் வந்து நிற்கச் சொல்வேன்.