ஒரு முறை எழுதி வைத்தால்

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் மூடுபனி விலகுமுன்பே தேநீர்க் கடை திறப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அடுப்பு, பால், டிகாக்ஷன், தம்ளர் என்று எல்லாம் ஒரு முறைப்படி நடைபெறும். அந்த முறை கடைக்காரர் மனத்தில் மட்டுமே இருக்கிறது. அவர் ஒரு நாள் சேலத்துக்கு இறங்கிவிட்டால், கடைப் பையன் திண்டாடுகிறான்.

கம்ப்யூட்டர் முன் அமரும் நம் கதியும் இதுவே. டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் தினமும் அதே பத்து உத்தரவுகளைத் தட்டுகிறோம். பாடம் இருக்கும் கோப்புறைக்குப் போக வேண்டும். ஒரு பகுப்பில் நிரலைத் திறந்து, மற்றொன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மின்சாரம் ஒரு நொடி நின்றால் மறுபடியும் ஆரம்பம்! வகுப்பில் நாற்பது நிமிஷத்தில் பத்தை இப்படி இழந்திருக்கிறோம். நாம் வராத ஒரு நாளிலோ, மாணவர்களுக்கு முழுப் பாடமுமே போயிற்று.

இதற்குப் பரிகாரம் பழையது. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர், கோப்பில் எழுதிய உத்தரவுகளை யந்திரமே படித்து நிறைவேற்றும் 'ரன்காம்' என்பதை அமைத்தார். இன்றைய 'பாஷ்ஆர்ஸி' கோப்பின் வாலிலுள்ள 'ஆர்ஸி' அதன் சுருக்கமே. 1989-ல் பிரயன் பாக்ஸ் வெளியிட்ட 'பாஷ்', டெர்மினல் திறக்கும்போதெல்லாம் அக்கோப்பைப் படிக்கிறது. 2007-ல் வந்த 'டிமக்ஸ்' திரையைப் பல பகுப்புகளாக்கும். தொலைவிலுள்ள யந்திரத்துடன் தொடர்பு அறுந்தாலும், அங்கே நம் வேலையை உயிருடன் காக்கும். யந்திரமே அணைந்தால் அதுவும் கைவிடும். ஆனால் பகுப்புகளை அமைக்கும் உத்தரவுகளை ஒரு கோப்பில் எழுதியிருந்தால், ஒரே சொல்லில் எல்லாம் பழையபடி நிற்கும். சேமிக்காத எழுத்து மட்டும் திரும்பாது.

இவை விலையில்லாதவை. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், ஸி-டாக் ஸ்தாபனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றது. ஆகவே அந்நியக் கடையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மூன்று எச்சரிக்கைகள்: ரகசியச் சொல்லை அக்கோப்பில் எழுதலாகாது. புது வரி சேர்த்தால், பழைய டெர்மினலை மூடாமல் வேறொன்றைத் திறந்து சோதிக்க வேண்டும். கோப்பின் பிரதி ஒன்று வேறிடத்தில் இருத்தல் அவசியம்.

ஆசிரியர் இன்று இருப்பார்; நாளை மாற்றலாகிப் போவார். அவர் மனத்திலுள்ள முறை அவருடனேயே போகும். கோப்பில் எழுதியதோ மாணவனிடம் தங்கும். இன்று மாலையே நான்கு வரி எழுதிப் பார்ப்போமாக.