மெர்சிடிசின் தகுதிச் சுற்று வேகம்: ‘பார்ட்டி மோட்’ மட்டும்தான் காரணமா?

ஜாசின், அலோர்காஜா சாப்பாட்டுக் கடைகளில் எஃப்1 பேச்சு வந்தால், பெட்ரோனாஸ் பெயர் தாங்கிய மெர்சிடிஸ் பக்கம் நிற்பவர்கள் உண்டு. ‘தகுதிச் சுற்றுல இஞ்சினை முறுக்கிவிட்டா யாருதான் ஜெயிக்கமாட்டாங்க?’ என்று கேட்பவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம்?

2020 இத்தாலி போட்டி முதல், தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே இஞ்சின் அமைப்புதான் என்று எஃப்ஐஏ கட்டுப்படுத்தியது. ஆனாலும் மோன்சாவில் ஹாமில்டன், சராசரி 264.362 கிமீ வேகத்தில் முதலிடம், போத்தாஸ் இரண்டாமிடம். ஆக, இஞ்சின் மட்டுமே காரணமில்லை.

ஆனால் மறுநாள் வென்றது காஸ்லி. மூடியிருந்த பிட் பாதைக்குள் நுழைந்து தண்டனை பெற்ற ஹாமில்டனுக்கு ஏழாமிடம்தான். நம்ம சிப்பாங்கிலும் 2017-இல் முதலிடத்தில் புறப்பட்டவர் ஹாமில்டன், வென்றவர் வெர்ஸ்டாப்பன். சனிக்கிழமை வேகம் ஞாயிற்றுக்கிழமை வெற்றிக்கு உத்தரவாதமில்லை.